குச்சியோடா, குழியோடா

ஸ்டோலன்வெர்க் ஐயா கணினியைத்
துவாயில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார்.
கூடவே ஒரு தாள், பென்சில் எழுத்தில்:

செவ்வாய் இரவு 9.14. பாசிப் படம் திறக்கும்போது. நீலத்திரை.
வியாழன் 4.50. நான் ஒன்றும் செய்யவில்லை. தேநீர் போட எழுந்தேன். நீலத்திரை.
ஞாயிறு. இரண்டு தரம். எழுத மனமில்லை.

வூப்பர்டாலின் மதில்களிலும் பாலத் தூண்களிலும் படரும் பாசியைப்
பதினோராயிரம் படங்களாய்ச் சேர்த்திருக்கிறார்.
சிலவற்றின் குறுக்கே ஊதாவாய் ஒரு கீற்று.
அன்றைய வெளிச்சம் அப்படியாக்கும் என்று
இரண்டு வருடம் நம்பியிருந்தாராம்.

மருமகன் வந்து பார்த்தானாம்.
விண்டோஸை அழித்து மறுபடி போட்டு,
மின்பெட்டியை மாற்றி,
வைரஸ் தடுப்பானையும் மாற்றி,
எல்லாம் ஒரே பிற்பகலில்.
பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் விழுந்தது.

"ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், ஐயா.
மூன்றையும் மாற்றினால்
எது நோய், எது மருந்து என்று யாருக்குத் தெரியும்?"
கடைக்காரிக் குரலில் சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகு காது சுட்டது.

போன பங்குனியில் நான்
பாடர்போர்ன் வீட்டை விட்டேன், அந்த மனிதரை விட்டேன்,
வங்கி வேலையை விட்டேன், பெயரின் பின்பாதியை விட்டேன்,
இடுப்புவரை கிடந்த முடியையும் ரயில் ஏறுமுன் வெட்டினேன்.
இப்போது இரவில் தூங்குகிறேன்.
எதனால் என்று கேட்காதீர்கள்.

ஃபோவிங்கல் தெருவுக்கு மேலே
கடைசித் தொங்குரயில் கண்ணாடியை அதிரவைத்துப் போனது.
சோதனையை ஓடவிட்டேன்.
ஒவ்வோர் அறையிலும் சுழியம் எழுதும்; திரும்பிப் போய்ப் படிக்கும்.
ஒன்று எழுதும்; படிக்கும்.
ஒன்று சுழியம் ஒன்று சுழியம்; படிக்கும்.
கோடிக்கணக்கான கதவுகளைத் தட்டி
தந்ததைத் திருப்பித் தா என்று மட்டும் கேட்கும்.
முதல் சுற்று சுத்தம். இரண்டாவதும்.
பெட்டிக்குள் சூடேறிய மூன்றாம் சுற்றில், 2.40க்கு,
சிவப்பில் ஒரு வரி.
ஒன்றைக் கொடுத்த இடத்தில் சுழியம்.
அவ்வளவுதான். ஓர் அறை. மற்ற எல்லாரும் யோக்கியர்கள்.

இனி இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.
முதல் குழியில் இருந்த குச்சி இரண்டாவதுக்கு,
இரண்டாவது முதலாவதுக்கு.
பிழை குச்சியோடு போகிறதா,
குழியோடு நிற்கிறதா.

இந்தக் கேள்விக்காகத்தான்
மறுநாள் இரவும் கடையிலேயே கிடந்தேன்,
சப்பாத்தைக் கழற்றி, கம்பளிச் சட்டையைத் தலைக்கு வைத்து.
குழியோடு நின்றால் அது பாடர்போர்ன்:
மஞ்சள் ஓடு பதித்த சமையலறை,
யாரும் சத்தம் போடாமலே உடைந்த கோப்பைகள்.
குச்சியோடு போனால்
இங்கேயும் ஒருநாள், நன்கு சூடேறிய மூன்றாம் சுற்றில்…
சரி, விடுங்கள்.

குச்சியோடுதான் போயிருந்தது.

ஒற்றைக் குச்சியில் எட்டு மணி நேரம் ஓடியதை
ஐயாவுக்குக் காட்டினேன்.
"அப்படியென்றால் பிழை இல்லை."
"எட்டு மணி நேரம் அகப்படவில்லை. அவ்வளவுதான் சொல்லலாம்."
யோசித்தார். "பாசிக்கும் அதே விதி.
இல்லை என்று எழுதமாட்டோம்.
காணவில்லை என்றுதான் எழுதுவோம்."

இருபத்தெட்டு யூரோ. பாதி நினைவகம் தனக்குப் போதும் என்றார்.
கெட்ட குச்சியைக் கேட்டு வாங்கி,
சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகித உறை எடுத்து அதற்குள் இட்டு,
மேலே பென்சிலால் எழுதினார்:
கண்டெடுத்த இடம். நாள். வெப்பம்.
கண்டவர் என்ற வரிக்கு
என் பெயரைக் கேட்டார்.

முன்பாதியைச் சொன்னேன்.
எழுதிவிட்டு,
பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல்
காத்திருந்தார்.